கார்த்திகை மழையில் கிளிநொச்சி: இரண்டு நாள் பயணம்

வணக்கம் சகோதரி. நவம்பர் கடைசியில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு வருவதாகவும், மழையென்றால் பயணத்தைக் கைவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கைவிட வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு அடங்கிய வன்னியை மாரியில்தான் பார்க்க வேண்டும். ஆடி, ஆவணியில் வந்தால் புழுதியும் வெயிலும்தான் மிச்சம்.

முதல் நாளை இரணைமடுவுக்கே கொடுங்கள். வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் அது. கனகராயன் ஆறு பெருகிக் குளம் நிறைந்துவிட்டால் வான்கதவுகளைத் திறப்பார்கள். செம்மண் கலந்த தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அணைக்கட்டில் நின்றே பாருங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள், கீழே இறங்கவே வேண்டாம். மழை பெரும்பாலும் இடைவெளி விட்டுத்தான் பெய்யும், அந்த இடைவெளி போதும்.

வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்கி ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, சுடச்சுட வறுத்த கச்சான் வாங்குங்கள். அம்மாவுக்கு அது கட்டாயம் பிடிக்கும்.

இரண்டாம் நாள் முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் இரண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அலைச்சல். யாழ்ப்பாணத்தை விட்டுவிடுங்கள். மாங்குளம் வழியாக ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், பிறகு வற்றாப்பளை கண்ணகி அம்மன், அதோடு திரும்பிவிடலாம். அந்த மாதத்தில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், குளிக்க நினைக்காதீர்கள். கனமழை என்றால் முல்லைத்தீவுக்குப் பக்கத்திலுள்ள வட்டுவாகல் பாலத்தின் பக்கம் போகவே வேண்டாம், தாழ்வான பாலம்.

புறப்படுவதற்கு முதல் நாள் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். வங்கக் கடலில் புயல் என்றால் மட்டும் தேதியை மாற்றுங்கள். நுளம்பு வலை கொண்டுவர மறக்காதீர்கள்.