நடுவது அரை நாள் வேலைதான்

கேள்வி: பூங்காவில் மரத்தோப்பைப் பராமரிக்கவும் புதிதாகப் புதர்ச்செடிப் பாத்தி போடவும் தன்னார்வலர்களைக் கூப்பிடுகிறார்கள். எனக்குத் தோட்டவேலை தெரியாது. போனால் உபயோகமாக இருப்பேனா?

தாராளமாகப் போங்கள். முதல் நாள் எனக்குக் கடப்பாரையைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் செடி நடத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நான்கு முறை போனால் மூன்று முறை பிடுங்குகிற வேலைதான்.

எங்கள் தோப்பில் உண்ணிச்செடி (லன்டானா) என்ற களைப்புதர் மண்டிக் கிடந்தது. அரிவாளால் வெட்டிச் சாய்த்தோம், இடம் பளிச்சென்று ஆனது, எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஐந்தாறு துளிர்கள். அது துளிர்ப்பது தண்டும் வேரும் சேருகிற முடிச்சிலிருந்து. மண்ணுக்கு மேலே வெட்டுவது, நன்றாகத் துளிர்க்கட்டும் என்று கிளை நறுக்கிக் கவாத்து செய்துவிட்ட மாதிரிதான். மண்ணை விலக்கி, நாலைந்து சென்டிமீட்டர் கீழே வேரை வெட்டி, அந்த முடிச்சோடு தூரை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அப்புறமும் விடாது. பழம் தின்ற பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில் புதுக்கன்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். மழை பெய்த மறுநாள் போனால் கையால் இழுத்தாலே வந்துவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிவிடாதீர்கள். பாதையை மறிக்காத பட்ட கிளையும் சருகும் அங்கேயே கிடக்கட்டும். பூஞ்சைக்கும் வண்டுக்கும் அதுதான் வீடு. புதரை வெட்டும் முன் உள்ளே கூடு இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

சரி, பாத்திக்கு வருவோம். நாங்கள் போட்ட முதல் பாத்தியில் பாதிக்குப் பாதி செத்துப்போனது. தண்ணீர் குறையவில்லை, செடியும் நல்ல செடிதான். நாங்கள்தான் பாசம் மிகுந்து ஒரு சாண் ஆழம் கூடுதலாகத் தோண்டி, தண்டு புதையும்படி நட்டோம். போதாக்குறைக்கு மண்ணை மூடப் பரப்பும் மரச்சீவலை, அதாவது மூடாக்கை, தண்டைச் சுற்றிக் குன்று மாதிரி குவித்தோம். ஒரு செத்த செடியை நான் பிடுங்கிப் பார்த்தேன். புதைந்திருந்த பட்டை ஊறிப்போய், விரல் பட்டதும் தோலாக உரிந்து வந்தது.

இப்போது குழியை அகலமாக மட்டும் எடுக்கிறோம், வேர்க்கட்டியைப் போல (பையிலிருந்து வேரும் மண்ணும் சேர்ந்து வரும் கட்டி) இரண்டு மடங்கு. ஆழம் அதன் உயரத்துக்குமேல் போகக் கூடாது. பையைக் கிழித்ததும் வேர்கள் பானைக்குள் சுருட்டிய கயிறு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள், பிரியாததை வெட்டிவிடுங்கள். அப்படியே நட்டால் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். மூடாக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் போதும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுப் பரப்புங்கள்.

இடைவெளி விஷயத்தில் சண்டை வரும், சொல்லிவிடுகிறேன். செடி வளர்ந்து முடிக்கும்போது எவ்வளவு அகலம் விரியுமோ அதைக் கணக்கிட்டு நட்டால், முதல் வருடம் பாத்தி வெறிச்சோடித் தெரியும். யாராவது 'நடுவில் இன்னும் நாலு வைக்கலாமே' என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். நெருக்கி நட்ட ஒரு பாத்தியில் மூன்றாம் வருடம் நானே பாதியைத் தோண்டி எடுத்திருக்கிறேன்.

நடவு அரை நாளில் முடிந்துவிடும், அன்று கூட்டமும் இருக்கும். ஆனால் புதுச்செடியின் வேர் சில வாரங்களுக்குப் பழைய வேர்க்கட்டியைத் தாண்டாது. சுற்றி மண் ஈரமாகவே இருந்தாலும் அந்தக் கட்டி மட்டும் காய்ந்துவிடும். அதனால் தண்ணீரைப் பாத்தி முழுக்கத் தெளிக்காமல், ஒவ்வொரு செடியின் தூரிலும் மெதுவாக ஊற்ற வேண்டும். சேருவதற்கு முன் அமைப்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டாவது வாரம் பூவாளி தூக்கப்போவது யார்? பதில் இல்லையென்றால், தோட்டவேலை தெரியாத நீங்கள்தான் அவர்களுக்கு ரொம்பத் தேவை.