அமெரிக்க அதிபர் உச்ச நீதிமன்ற நீதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் அரசியல் எங்கே வருகிறது?

அமெரிக்காவில் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானால், அதிபர் ஒருவர் பெயரை முன்மொழிவார். நாடாளுமன்ற மேலவையான செனட்டில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் அவர் நீதிபதி. அங்கே ஓய்வு வயது கிடையாது, ஆயுள் முழுக்கப் பதவி. அரசியலே இங்கேதான் தொடங்குகிறது.

அதிபருக்குக் கிடைப்பது பொதுவாக அதிகபட்சம் எட்டு ஆண்டு. அவர் நியமித்தவர் முப்பது ஆண்டுகூட இருக்கலாம். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்களே, இது பனை நடுகிற வேலை. அதனால்தான் இளைய வயதுக்காரர்களாகப் பார்க்கிறார்கள். 2020 அக்டோபரில், அதிபர் தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கும்போது, டிரம்ப் முன்மொழிந்த ஏமி கோனி பேரட்டை செனட் 52-48 என்று ஏற்றது. அவருக்கு வயது 48.

அப்புறம் வாக்குக் கணக்கு. ரீகன் 1980 அதிபர் தேர்தல் பிரசாரத்திலேயே ஒரு பெண்ணை நியமிப்பேன் என்றார். 1981இல் சாண்ட்ரா டே ஓ'கானர் முதல் பெண் நீதிபதியானார். குடியரசுக் கட்சிக்காரரான ஐசன்ஹோவர், 1956 தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, எதிர்க்கட்சியைச் சேர்ந்த கத்தோலிக்கரான பிரென்னனை அமர்த்தினார். நல்ல மனசு மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை!

சரி, நியமித்தவர் சொன்னபடியே நீதிபதி ஆடுவாரா? பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 1974இல், எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தில், ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி அப்போதைய அதிபர் நிக்சனுக்கு எதிராக 8-0 என்று தீர்ப்பளித்தவர்களில் மூன்று பேர் நிக்சனே நியமித்தவர்கள்.