ரகசியக் களத்துச் சண்டைப் படங்கள்: வாசகர் கேள்வி பதில்

சட்டத்தின் கண்ணில் படாத ரகசியக் களங்களில் பணயம் வைத்து நடக்கும் கைச்சண்டையைக் கதையாகக் கொண்ட குறைந்த செலவுப் படங்களை அப்படியே ஒதுக்கிவிடக் கூடாது என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். அதை ஒட்டியும் வெட்டியும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். அண்ணன் அடிபடுவான், தம்பி பழிவாங்கக் களத்தில் இறங்குவான். இதில் பாராட்ட என்ன இருக்கிறது?
(வாசகர், தஞ்சாவூர்)

கதை ஒன்றுதான் என்பதை நான் மறுக்கவில்லை. 1989-இல் வந்த ‘கிக்பாக்ஸர்’ படத்தில் தாய்லாந்து வீரன் ஒருவனிடம் அடிபட்டு அண்ணன் முடமாகிறான். தம்பி முவே தாய் என்ற தாய்லாந்துச் சண்டைக் கலையைக் கற்றுக்கொண்டு அதே வீரனை எதிர்கொள்கிறான். அதே ஆண்டில் வந்த ‘பிளட்ஃபிஸ்ட்’ படத்தில், கொல்லப்பட்ட சகோதரனுக்காக நாயகன் மணிலாவுக்குச் சென்று ஒரு ரகசியப் போட்டியில் சேர்கிறான். 1990-இன் ‘லயன்ஹார்ட்’ படத்திலோ, பிரெஞ்சு அயல்நாட்டவர் படையை விட்டு ஓடிவந்த ஒருவன், இறந்துபோன சகோதரனின் மனைவியையும் மகளையும் காப்பாற்றுவதற்காகப் பணத்துக்குச் சண்டை போடுகிறான்.

ஆனால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் எழுதியவர்களின் சோம்பல் மட்டுமன்று. அக்காலத்தில் இத்தகைய படங்கள் பெரும்பாலும் எடுத்து முடிப்பதற்கு முன்பே, சில வேளைகளில் திரைக்கதை எழுதப்படுவதற்கும் முன்பே, ஒரு சுவரொட்டியையும் ஒரு நாயகனின் பெயரையும் காட்டி, கான் விழாச் சந்தையிலும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நடக்கும் அமெரிக்கத் திரைப்படச் சந்தையிலும் நாடு நாடாக விற்கப்பட்டன. அந்த முன்பணத்தில்தான் படமே எடுக்கப்பட்டது. வாங்குபவருக்கு ஒரே வரியில் புரிய வேண்டும் என்றால், சகோதரனுக்காகப் பழிவாங்குவதைவிடச் சுருக்கமான கதை வேறு ஏது?

நான் வியப்பது அடுத்த விஷயத்தைத்தான். வெளிப்படையாக நடக்கும் ஒரு உலகச் சாம்பியன் போட்டியைக் காட்ட வேண்டுமானால் விளையாட்டரங்கம் வேண்டும், ஆயிரக்கணக்கில் பார்வையாளர் வேண்டும், தொலைக்காட்சிக் கேமராக்கள் வேண்டும். ரகசியப் போட்டிக்கு ஒரு பாழடைந்த கிடங்கும், இருட்டும், அந்த இருட்டில் கத்துகிற ஐம்பது பேரும் போதும். கூட்டம் குறைவாக இருப்பதைப் பார்வையாளர் குறையாகவே நினைக்க மாட்டார். ரகசியம் என்றால் அப்படித்தானே இருக்கும். இல்லாமையை மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு கதைச்சூழலை இவர்கள் கண்டுபிடித்தார்கள் என்பதே என் கருத்து. ‘லயன்ஹார்ட்’ படத்தில் ஒரு சண்டை வாகன நிறுத்துமிடத்தில் கார்களை வட்டமாக நிறுத்தி நடக்கிறது. இன்னொன்று பாதி வற்றிய நீச்சல் குளத்தில் நடக்கிறது. காசு கொடுத்துக் கட்டிய அரங்கம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒவ்வொரு இடமும் சண்டையின் போக்கை மாற்றுகிறது. தண்ணீரில் கால் வழுக்குகிறவன் தரையில் நிற்பவனைப் போல உதைக்க முடியாது அல்லவா?

1988-இல் கேனன் நிறுவனம் வெளியிட்ட ‘பிளட்ஸ்போர்ட்’ ஹாங்காங்கில், சுமார் 20 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டது. அமெரிக்கத் திரையரங்குகளில் மட்டும் அது 1 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் நாயகன் போட்டிக்குச் செல்லும் சந்துகள் கவுலூன் மதிலக நகரின் உண்மையான சந்துகள். மேலே குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கும் கம்பிகள், சொட்டும் குழாய்கள், பகலிலும் விளக்கெரியும் நடைபாதைகள் என அந்த நெரிசலான குடியிருப்பு அப்படியே படத்தில் இருக்கிறது. 1993-94-இல் அது முழுவதும் இடிக்கப்பட்டு, இன்று அங்கே பூங்கா இருக்கிறது. அரங்கம் அமைக்கப் பணமிருந்த ஒரு பெரிய நிறுவனம் அந்தச் சந்துகளுக்குள் கேமராவைக் கொண்டுபோயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

‘பிளட்ஸ்போர்ட்’ உண்மைக் கதை என்று படமே சொல்கிறது. அப்படியொரு போட்டி நடந்ததா?
(வாசகி, மதுரை)

ஃபிராங்க் டக்ஸ் என்பவர் தம் அனுபவமாகச் சொன்னதை வைத்து எடுக்கப்பட்ட படம் அது. 1988-இலேயே ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நாளிதழ் அவருடைய கூற்றுகளை விசாரித்து, அவற்றைக் கடுமையாகச் சந்தேகித்து நீண்ட கட்டுரை வெளியிட்டது. அவரோ தாம் சொன்னதில் உறுதியாகவே நின்றார். அத்தகைய போட்டி நடந்ததற்குத் தனிப்பட்ட சான்று எதுவும் இன்றுவரை வெளியாகவில்லை.

ஆனால் நீங்கள் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும். படத்தின் முடிவில் திரையில் வரும் எழுத்துகள், அவர் ஒரே போட்டித் தொடரில் தொடர்ந்து 56 பேரை வீழ்த்தியதாகக் கூறுகின்றன. படத்தில் காட்டப்படுவதோ தோற்றவர் வெளியேறும் முறை. அந்த முறையில் ஒவ்வொரு சுற்றிலும் ஆட்கள் பாதியாகக் குறைவார்கள். ஆகவே ஒருவர் 33 சுற்றுகள் வெல்வதற்கே தொடக்கத்தில் ஏறத்தாழ 859 கோடிப் பேர் களத்தில் இருந்தாக வேண்டும். அது இன்றைய உலக மக்கள்தொகையையே தாண்டிய எண்ணிக்கை. 56 சுற்று என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

படத்தை நான் அதற்காகத் தள்ளிவிட மாட்டேன். கற்பனையென்றே அறிந்து பார்த்தாலும், பொடி தூவிக் கண்ணைக் குருடாக்கிய எதிரியை நாயகன் ஒலியையும் தொடுகையையும் கொண்டே எதிர்கொள்ளும் இறுதிக் காட்சி நன்றாகவே இருக்கிறது. ‘உண்மை’ என்ற முத்திரை அதற்குத் தேவைப்படவில்லை.

நூறு கோடி செலவில் எடுக்கும் படங்களில் கூடச் சண்டை கண்ணில் நிற்பதில்லை. இந்தச் சிறிய படங்களில் நிற்கிறது. என் கண்ணில்தான் கோளாறா?
(வாசகர், கோயம்புத்தூர்)

உங்கள் கண்ணில் கோளாறில்லை. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் விரும்பிப் பதில் எழுதுவது உங்கள் கேள்விக்குத்தான்.

பெரிய படத்தில் நட்சத்திரம் சண்டை அறிந்தவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. முதுகைக் காட்டும்போது டூப், முகத்தைக் காட்டும்போது நட்சத்திரம் என்று மாற்றி மாற்றி எடுத்து, ஒட்டுப்போட்டது தெரியாமலிருக்கக் கேமராவை ஆட்டி, நொடிக்கொரு வெட்டு வெட்டிச் சேர்க்கிறார்கள். சிறிய படத்துக்கு நட்சத்திரத்தை வாங்கவே வழியில்லை. ஆகவே சண்டை அறிந்தவரையே நாயகனாக்குகிறார்கள். ரோஜர் கோர்மன் தயாரித்த ‘பிளட்ஃபிஸ்ட்’ படத்தின் நாயகன் டான் வில்சன் உண்மையான கிக்பாக்ஸிங் உலகச் சாம்பியன். அப்படத்தின் பெயர்ப்பட்டியலில் நடிகர்களின் பெயருக்குப் பக்கத்திலேயே அவர்கள் வென்ற பட்டங்களும் போடப்பட்டிருக்கும். நடிப்பில் அவர்கள் தடுமாறுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் கால் தூக்கும்போது கேமரா அசையாமல் நிற்கலாம்.

இதை முழுமையாக உணர்ந்து செய்தவர் இயக்குநர் ஐசக் ஃப்ளோரென்டைன். ‘அன்டிஸ்பியூட்டட்’ என்ற சிறைக் குத்துச்சண்டைப் படம் 2002-இல் வெஸ்லி ஸ்னைப்ஸும் விங் ரேம்ஸும் நடிக்க, ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவில் வந்து, போட்ட பணத்தைத் திரையரங்குகளில் எடுக்காமல் போனது. அதன் இரண்டாம் பாகத்தை 2006-இல் ஃப்ளோரென்டைன் பல்கேரியாவில் எடுத்தார். அது திரையரங்குக்கே வராமல் நேரடியாக டிவிடியில் வெளியானது. அதில் யூரி பொய்கா என்ற ரஷ்யக் கைதியாக, வில்லனாக அறிமுகமானவர் ஸ்காட் அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர். நாயகனைவிட வில்லனையே மக்கள் கொண்டாடியதால், 2010-இல் வந்த மூன்றாம் பாகத்தில் பொய்காவே நாயகனானான்.

அந்த மூன்றாம் பாகத்தின் இறுதிச் சண்டையை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பொய்காவின் எதிராளி டோலோராக வருபவர் சிலி நாட்டின் மார்கோ சரோர்; அட்கின்ஸைவிட உயரமானவர், அந்த உயரத்தோடு அந்தரத்தில் சுழலக் கூடியவர். பெரும்பாலான ஷாட்டுகளில் இருவரும் தலை முதல் பாதம் வரை முழுதாகத் தெரிகிறார்கள். உதைக்கிறவனின் ஊன்றிய காலும் தெரிகிறது, உதை வாங்குகிறவனின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்பதும் தெரிகிறது. இரண்டு பாதங்களும் தரையை விட்டு எழும்பும் நொடியில் படம் மெதுவாகிறது. அழகுக்காக மட்டும் அல்ல, அந்தரத்தில் சுழல்கிறவர் அந்த நடிகரேதான் என்று காட்டுவதற்காகவும்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பொய்காவுக்கு ஒரு முழங்கால் பழுது. எந்தக் காலில் ஊன்றுகிறான், எதைக் காப்பாற்றுகிறான் என்று நாம் கவனித்துக்கொண்டே இருப்பதால், வசனமே இல்லாமல் சண்டைக்குள் ஒரு கதை ஓடுகிறது. துண்டு துண்டாக வெட்டியிருந்தால் அந்தக் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

இதன் பின்னால் ஹாங்காங்கில் வளர்ந்த ஒரு வேலைமுறை இருக்கிறது. முழுச் சண்டையையும் பல கோணங்களில் எடுத்துக் குவித்துவிட்டுப் பிறகு தொகுப்பு மேசையில் தேடுவது அமெரிக்க வழக்கம். ஹாங்காங் ஸ்டண்ட் மாஸ்டரோ நாலைந்து அசைவுகளை ஒரு கூறாக எடுத்துக்கொண்டு, அந்தக் கூறுக்கு எந்தக் கோணம் சரியோ அங்கே மட்டும் கேமராவை வைப்பார். குத்துக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி லென்ஸின் பார்வைக் கோட்டில் மறைந்தால், அடி பட்டதாகவே தெரியும். ஒரு விரற்கடை கோணம் மாறினாலும் பொய் வெளிப்பட்டுவிடும். இந்த முறையில் ஃபிலிம் வீணாவதில்லை. பணமில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

தாய்லாந்தின் ‘ஓங் பாக்’ (2003) படத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பாங்காக்கின் ரகசியச் சண்டைக்கூடம் ஒன்றில் தெரியாமல் வளையத்துக்குள் நின்றுவிடும் டோனி ஜா, எதிராளியை முழங்காலால் ஒரே இடியில் வீழ்த்துகிறார். கயிறும் இல்லை, கணினி வரைகலையும் இல்லை. முக்கியமான தாவல்களை இரண்டு மூன்று கோணங்களில் திரும்பக் காட்டி, தாங்கள் ஏமாற்றவில்லை என்பதைப் பெருமையோடு நிரூபிக்கிறார்கள்.

யுஎஃப்சி போன்ற உண்மையான போட்டிகள் வந்த பிறகு இந்தப் படங்களுக்கு என்ன ஆயிற்று?
(வாசகர், சேலம்)

கராத்தேக்காரரும் குத்துச்சண்டைக்காரரும் மோதினால் யார் வெல்வார் என்ற கேள்வியே இப்படங்களின் கவர்ச்சியாக இருந்தது. வெவ்வேறு சண்டைக் கலைஞர்களை ஒரே களத்தில் மோதவிடும் யுஎஃப்சியின் முதல் போட்டி, 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் நடந்து, அதை நேரில் சோதித்தது. வென்றவர் சுழன்று உதைப்பவர் அல்லர். எதிராளியைத் தரையில் கிடத்திக் கழுத்தை நெரிக்கத் தெரிந்த, உடல் பருமன் அதிகமில்லாத ராய்ஸ் கிரேசி. அதன் பிறகு தரைச்சண்டையைப் புறக்கணித்த படங்கள் பழசாகத் தெரிந்தன. ‘அன்டிஸ்பியூட்டட்’ தொடர் இரண்டாம் பாகத்தில் வெறும் குத்துச்சண்டையை விட்டுக் கலப்புச் சண்டைக்கு மாறியதும் இதனால்தான் என்று கருதுகிறேன்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இந்தப் படங்களை விடாமல் பார்க்கிறான். அனுமதிக்கலாமா?
(வாசகி, திருநெல்வேலி)

நான் இதுவரை பெயர் சொன்ன அமெரிக்கப் படங்கள் அங்கேயே பதினேழு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாத ஆர் தரச் சான்று பெற்றவை. அவனோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள் அம்மா. பேச வேண்டியவை நிறைய இருக்கின்றன.

தலையில் இருபது அடி வாங்கியவன் எழுந்து நிற்பது திரையில் மட்டுமே நடக்கும். ஒரே அடியில் நினைவிழப்பதே மூளைக்குக் காயம்தான். வெறுங்கையால் மண்டையில் குத்தினால் குத்தியவரின் கை எலும்பே முறியலாம்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறொன்று. இப்படங்களில் கொடியவன் பெரும்பாலும் வேற்று நாட்டான், வேற்று நிறத்தான். ‘கிக்பாக்ஸர்’ படத்தின் தாய்லாந்து வில்லன் டோங் போவாக நடித்தவர் மொரோக்கோவில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்த மிஷேல் கிஸ்ஸி. ஒப்பனையால் அவரைத் தாய்லாந்துக்காரராக்கினார்கள். ஒரு நாட்டின் கலையைக் கடன் வாங்கிப் படமெடுத்துவிட்டு, அந்நாட்டானையே அரக்கனாகக் காட்டுவது தவறு. பெண்களின் நிலையும் மோசம். கடத்தப்படுவதற்கோ களத்தின் ஓரத்தில் நின்று கண்ணீர் விடுவதற்கோதான் பெரும்பாலும் வருகிறார்கள். இவ்வகைப் படங்களை நேசிப்பவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன். உங்கள் மகனிடமும் இதைக் கேளுங்கள். அவனே கவனித்திருக்கக் கூடும்.

எதிலிருந்து தொடங்குவது?
(வாசகர், புதுச்சேரி)

1975-இல் வந்த ‘ஹார்ட் டைம்ஸ்’ படத்திலிருந்து தொடங்குங்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்து நியூ ஆர்லியன்ஸில், சரக்கு ரயிலில் வந்திறங்கி வெறுங்கைச் சண்டையில் பிழைக்கும் ஒருவராகச் சார்லஸ் பிரான்சன் அதிகம் பேசாமல் நடித்திருப்பார். அதுவே வால்டர் ஹில் இயக்கிய முதல் படம். 2002-இன் ‘அன்டிஸ்பியூட்டட்’ படத்தை இயக்கியவரும் அவரே. பிறகு ‘பிளட்ஸ்போர்ட்’, ‘ஓங் பாக்’ என்று வரலாம். ‘அன்டிஸ்பியூட்டட்’ தொடரில் முதல் பாகத்தைப் பார்க்காமலே இரண்டாவதைப் பார்க்கலாம். ஆனால் இரண்டாவதைப் பார்க்காமல் மூன்றாவதைத் தொட வேண்டாம். பொய்காவின் முழங்கால் எப்படி உடைந்தது என்பது இரண்டாம் பாகத்தின் இறுதியில்தான் இருக்கிறது.