வளைவில் ஓரக்கல் வெட்டுவது எப்படி?

கேள்வி: புல்வெளியைச் சுற்றி ஓரக்கல் பதிக்கிறேன். நேராகப் போகும் பக்கம் முடிந்துவிட்டது. வளைவில் கல்லுக்குக் கல் முக்கோணமாக இடைவெளி விழுகிறது. உளி வைத்து உடைத்துப் பார்த்தேன், மூலை பெயர்ந்து வந்துவிட்டது. அளவாக வெட்ட வழி சொல்லுங்கள்.

பதில்: எங்கே பிளக்க வேண்டும் என்று வழி காட்டாமல் அடித்தால் கல் தன் போக்கில்தான் உடையும். கையில் பிடித்துக் கல் வெட்டும் கிரைண்டரால் ஒரு காடி, அதாவது கோடு போன்ற பள்ளம், போட்டுவிட்டால், அப்புறம் உளி நீங்கள் சொன்னபடி கேட்கும்.

முதலில் கலவை இல்லாமல் வளைவு முழுக்கக் கற்களை அடுக்கிப் பாருங்கள். உள்பக்க மூலைகள் முட்டிக்கொண்டு வெளிப்பக்கம் விரியும். ஆக, குறைக்க வேண்டியது உள்பக்கத்தைத்தான். கல் 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், வளைவின் வெளி ஆரம் 150 செ.மீ. என்று வையுங்கள். உள்பக்க நீளம் 28 செ.மீ. ஆக வேண்டும். இரண்டு முனையிலும் உள் மூலையில் 1 செ.மீ. குறித்து, அங்கிருந்து வெளி மூலைக்குக் கோடு இழுங்கள். வெளி மூலையில் துளிகூடக் குறையக் கூடாது. ஆரம் 3 மீட்டர் என்றால் குறைக்க வேண்டியது மொத்தமே 1 செ.மீ. அவ்வளவு மெல்லிய வளைவுக்கு நான் கல்லை வெட்டவே மாட்டேன், இடைவெளியைக் கலவையால் அடைத்துவிடுவேன்.

பென்சில் கோடு தூசியில் மறைந்துவிடும். ஆணியால் கீறிக்கொள்ளுங்கள். இரும்பு வெட்டும் சக்கரம் வேண்டாம், டைமண்ட் பிளேடு போடுங்கள். முதல் ஓட்டத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் போதும். கோடு நேராக விழுந்த பிறகு அதே காடியில் மறுபடி மறுபடி ஓட்டி ஆழப்படுத்துங்கள். அழுத்தவே வேண்டாம், மெஷினின் எடையே வெட்டும். காடிக்குள் பிளேடைச் சாய்த்தால் சிக்கிக்கொண்டு மெஷின் உங்கள் மேலேயே எகிறும். அதனால் பிளேடை மறைத்திருக்கும் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வெட்டாதீர்கள்.

4 அங்குல பிளேடு 5 செ.மீ. கல்லை ஒரே பக்கத்திலிருந்து அறுத்து முடிக்காது. கோட்டைப் பக்கவாட்டில் இறக்கி, கல்லைப் புரட்டி, அடியிலும் காடி போடுங்கள். நடுவில் மிச்சம் இருப்பதற்குத்தான் உளி. கல்லை மணல் மேல் வைத்து, காடி நெடுக லேசாகத் தட்டிக்கொண்டே போனால் சத்தம் மாறும். கணீரென்று இருந்தது மந்தமாகிவிட்டால் விரிசல் ஓடிவிட்டது என்று அர்த்தம்.

தூசி விஷயத்தில் மட்டும் அசட்டை வேண்டாம். மணற்கல்லிலும் கிரானைட்டிலும் சிலிக்கா இருக்கிறது. அந்தத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் வரும், வந்த நுரையீரல் பழையபடி ஆகாது. கல்லுடைக்கும் தொழிலாளிகளின் உயிரையே அது எடுத்திருக்கிறது. நீங்கள் வெட்டுவது நாலு கல்தான் என்றாலும் திறந்த வெளியில் வெட்டுங்கள், முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 மாஸ்க், கண்ணாடி, காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். துணி கட்டினால் போதாது. தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி அடங்கும், ஆனால் அதற்கென்றே செய்த மெஷினில் மட்டும். சாதாரண மின்சார கிரைண்டர் மேல் தண்ணீர் ஊற்றினால் கரன்ட் அடிக்கும்.

கடைசியில் விரற்கடை அளவுக்கு ஒரு துண்டு தேவைப்பட்டால் அதை வெட்டிச் செருகாதீர்கள், சீக்கிரம் பெயர்ந்துவிடும். கடைசி இரண்டு மூன்று கற்களில் அந்தக் குறைவைப் பங்கிட்டு வெட்டுங்கள். வெட்டிய முகம் பக்கத்துக் கல்லைப் பார்த்து இருக்கட்டும், புல் பக்கம் கல்லின் பழைய முகமே தெரியட்டும்.