வாசகர் கேள்வி – பதில்: லாடம் எங்கிருந்து வந்தது?

‘லாடம்’ தமிழ்ச் சொல்தானா? எங்கள் ஊரில் தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிறவர்களும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்களே?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

உங்கள் காதில் விழுந்ததே பாதி விடை. தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியம் சொல்லும் விதி அது. இலக்கணம் பார்த்து எழுதுகிறவர்கள் ‘இலாடம்’ என்று முன்னால் ஓர் இகரம் சேர்ப்பது அதனால்தான். ஆகவே இது வெளியிலிருந்து வந்த சொல்.

கன்னடத்தில் லாள, தெலுங்கில் லாடமு அல்லது நாடா, உருதுவிலும் இந்தியிலும் நால். இந்த ‘நால்’ அரபு மொழியின் ‘நஅல்’. அதற்கு முதற்பொருள் மனிதர் காலில் போடும் செருப்பு; குளம்பில் அடிக்கும் இரும்பு பிறகு சேர்ந்த பொருள். நால், நாடா, லாள, லாடம் எல்லாவற்றையும் ஒரே கொடியில் காய்த்தவையாகவே கொள்கிறேன். குதிரைப் படைகளோடு பொருளும் பெயரும் சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

லாடம் அடிப்பவரை உருதுவில் ‘நால்பந்த்’ என்பார்கள். பந்த் என்றால் கட்டு. நாமும் ‘லாடம் கட்டுவது’ என்கிறோம், ஆணிதான் அடிக்கிறோம் என்றாலும்! உள்ளங்காலில் அடிப்பதை ‘லாடம் கட்டுவது’ என்று மிரட்டும் வழக்கும் இதிலிருந்து பிறந்தது; லாடம் ஏறுகிற இடம் பாதத்தின் அடிப்பகுதி அல்லவா?

ஆங்கிலத்திலும் அது ‘குதிரைச் செருப்பு’தான். கி.பி. 900 வாக்கில் பைசாந்தியப் பேரரசில் எழுதப்பட்ட போர் நூல் ஒன்று மட்டும் அதை ‘நிலா இரும்பு’ என்ற பொருளில், ஆணிகளோடு சேர்த்துக் குறிப்பிடுகிறது. பிறை வடிவத்தை வைத்துச் சூட்டிய அழகான பெயர்.

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் ‘தக்கணலாடம், உத்திரலாடம்’ என்று வருகிறது. குதிரைக்குப் பேர்போன நாடா?
– கல்லூரி மாணவி, தருமபுரி

இல்லை. அது வங்கத்தில் உள்ள ராட நாடு; தெற்கு ராடம், வடக்கு ராடம் என்ற இரு பகுதிகள். தென் குசராத்துக்கும் ‘லாட’ நாடு என்ற பழம்பெயர் உண்டு. எழுத்து ஒன்றாக இருக்கிறதே தவிர, குளம்பு இரும்போடு இரண்டுக்கும் உறவில்லை.

வண்டி மாட்டுக்கு லாடம் அடித்து மூன்று நாள் ஆகிறது. இப்போது பின்னங்காலை ஊன்ற மறுக்கிறது. பழகிவிடும் என்கிறார்களே?
– விவசாயி, பென்னாகரம்

பழகாது, தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஆணி இடம் மாறி இறங்கியிருக்கலாம்.

குளம்பைச் சீவிவிட்டு அடிப்பக்கம் பாருங்கள். வெளிச்சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே வெளிறிய கோடு ஒன்று ஓடும். அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ளது நம் நகம் போன்றது, வலிக்காது. உள்ளே போனால் உயிர்ச்சதை. லாட ஆணியின் நுனி ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு உள்பக்கம் பார்க்க வைத்து அடித்தால் நுனி வெளிப்பக்கமாக வளைந்து சுவரில் வெளியே வரும். திருப்பி வைத்தால் சதைக்குள் போகும். நல்ல இடத்தில் இறங்குகிற ஆணி ஒவ்வோர் அடிக்கும் கெட்டியாக ஒலிக்கும். சத்தம் மந்தமாகி, ஆணி சுலபமாக இறங்கினால் உடனே பிடுங்க வேண்டும்.

குதிரையைவிட மாட்டுக்கு இந்த ஆபத்து அதிகம். மாட்டின் குளம்புச் சுவர் மெல்லியது, குளம்பும் பிளந்தது. காலுக்கு இரண்டு தகடு, நான்கு காலுக்கு எட்டு. ஆணியை வெளிவிளிம்பில் மட்டுமே அடிக்கலாம். பிளவை ஒட்டிய உள்விளிம்பில் அடிக்கவே கூடாது.

அடித்தவுடனே நொண்டினால் ஆணி சதையில் குத்தியிருக்கும். உங்கள் மாட்டைப்போல் இரண்டு, மூன்று நாள் கழித்து நொண்டினால், ஆணி சதையை ஒட்டி இறங்கி அழுத்துகிறது, அல்லது உள்ளே சீழ் கட்டுகிறது. குளம்பைத் தொட்டுப் பாருங்கள், மற்றக் காலைவிடச் சுடும். சின்னச் சுத்தியலால் ஒவ்வோர் ஆணித் தலையையும் மெல்லத் தட்டினால், எந்த ஆணியில் காலை வெடுக்கென்று இழுக்கிறதோ அதுதான் குற்றவாளி. குறட்டால் அதை நேராகப் பிடுங்குங்கள். ஆணியில் ஈரம், இரத்தம், நாற்றம் இருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்த ஓட்டையில் மறுபடி ஆணி வேண்டாம். குதிரை, மட்டக்குதிரை என்றால் ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியும் கட்டாயம். அவற்றை அந்த நோய் எளிதில் பிடிக்கும்.

அடுத்த முறை மாட்டைச் சாய்ப்பதற்கு முன் வயிறு முட்டத் தீனி போடாதீர்கள். கயிறு போட்டு ஒருக்களித்துக் கிடத்தினால் ஏப்பம் வெளியேறாமல் வயிறு உப்பும். மணல் தரையில் சாய்த்து, வேலை முடிந்ததும் உடனே எழுப்பிவிட வேண்டும். ஒன்று கேட்கிறேன்: தார்ச்சாலையில் பாரம் இழுக்கிற மாடா அது? சேற்று உழவுக்கு மட்டும் போகிற மாடு என்றால் லாடமே தேவையில்லை.