வாசகர் கேள்வி-பதில்: பனிச்சறுக்குப் பயணத்தில் சாப்பாட்டுச் செலவு

கேள்வி: நாங்கள் நான்கு பேர் ஒரு வாரம் பனிச்சறுக்குக்குப் போகிறோம். காலை, இரவுச் சாப்பாட்டோடு ஹோட்டல் எடுப்பதா, சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுப்பதா? எது மிச்சம்?

பதில்: இரண்டின் வாடகையையும் எழுதி, வித்தியாசத்தை 28-ஆல் வகுத்துப் பாருங்கள் (நான்கு பேர், ஏழு இரவு). ஒருவருடைய ஒரு நாள் காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் ஹோட்டல் வாங்கும் விலை அதுதான். நீங்களே சமைத்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்தில் எழுதினால், பெரும்பாலும் சமையலறைதான் மலிவாக இருக்கும். ஆனால், நாள் முழுக்கச் சறுக்கிவிட்டு வந்து, ஈர பூட்ஸைக் கழற்றிய கையோடு அடுப்பு முன்னால் நிற்க ஆள் வேண்டும். தினமும் ஒருவர் தலையிலேயே அந்த வேலை விழுந்தால், மூன்றாம் நாள் எல்லோரும் வெளியே சாப்பிடக் கிளம்பிவிடுவீர்கள். வாங்கி வைத்த காய்கறி ஃப்ரிட்ஜிலேயே வாடும். முறை போட்டுச் சமைக்க ஒத்துவராத குழுவுக்கு ஹோட்டலே நல்லது. அப்படி எடுத்தால், முன்பதிவு செய்யும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இரவுச் சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் தருவார்களா? பானங்கள் பெரும்பாலும் கணக்கில் சேராது. பாட்டில் தண்ணீர்கூடத் தனி பில்லாக வரும்.

எதை எடுத்தாலும் பணம் கரைவது மதியம், மலைமேல்தான். அங்கே இருக்கும் உணவகத்துக்கு மாவு மூட்டையிலிருந்து கேஸ் வரை எல்லாமே கேபிள் காரிலோ பனியில் ஓடும் வண்டியிலோதான் ஏற வேண்டும். குப்பையும் அதே வழியில் இறங்க வேண்டும். வருஷத்தில் சில மாதம்தான் வியாபாரம். விலை அதற்குத் தகுந்தபடி இருக்கிறது. குளிரும் தாகமும் பசியும் ஒன்றாகச் சேர, பன்னிரண்டரை மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவர் விலைப்பட்டியலைப் பார்க்கும் நிலையில் இருப்பதில்லை. அந்த நேரத்தில் முதுகுப்பையில் சாப்பாடு இருந்தால் வாரச் செலவு கையை மீறாது.

கேள்வி: சாண்ட்விச் கட்டிக்கொண்டு போனோம். மதியம் எடுத்தால் ஒரு பக்கம் நசநச, ஒரு பக்கம் கல். என்ன தவறு செய்தோம்?

பதில்: உள்ளே தக்காளியோ வெள்ளரியோ வைத்திருப்பீர்கள். அதன் நீர் ரொட்டியில் ஊறி, பிறகு குளிரில் உறைந்துவிடும். ரொட்டியின் இரு உள்பக்கத்திலும் விளிம்பு வரை வெண்ணெய் தடவினால் ஈரம் இறங்காது. சீஸ், வறுத்த முட்டை, வேர்க்கடலை வெண்ணெய் போன்ற உலர்ந்த பொருள்களாகவே உள்ளே வையுங்கள். காய் வேண்டுமென்றால் தனி டப்பாவில் போட்டு, சாப்பிடும்போது சேர்த்துக்கொள்ளலாம். மொறுமொறு ரொட்டி குளிரில் இன்னும் விறைத்துப்போகும். மிருதுவான பன் அல்லது சுருட்டிய தட்டை ரொட்டிதான் சரி.

வைக்கும் இடமும் முக்கியம். முதுகுப்பையின் வெளி ஜிப்பில் வைத்த எதுவும் உறையும். ஒன்றையாவது ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூடு படும் இடத்தில் வையுங்கள். கேரமல் உள்ள சாக்லெட் பார் கடுங்குளிரில் பல்லைப் பதம் பார்க்கும். பேரீச்சை, உலர்ந்த அத்தி, முந்திரி, பாதாம் ஆகியவை அந்த அளவுக்கு இறுகுவதில்லை. பெரியவர் ஒருவருக்கு இரண்டு சாண்ட்விச், 50 கிராம் கொட்டைகள், ஒரு பழம், ஏதாவது ஒரு இனிப்பு போதும். வாழைப்பழம் வேண்டாம், முதல் தடவை விழும்போதே பை முழுக்கக் கூழாகிவிடும்.

உட்கார இடம் இல்லையே என்று கேட்பவர்கள் லிஃப்ட் (சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவட வசதி) வரைபடத்தைப் பாருங்கள். பல ஊர்களில், கொண்டுவந்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட இலவச அறையோ மேசைகளோ இருக்கும். வரைபடத்தில் மேசைக் குறியாகக் காட்டியிருப்பார்கள். உணவகத்தில் ஒரு காபி மட்டும் வாங்கிவிட்டுச் சொந்தச் சாப்பாட்டைப் பிரிப்பது சரியல்ல. முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் எழுந்துவிடுங்கள்.

கேள்வி: நல்ல ஸ்டீல் பிளாஸ்க்தான். ஆனாலும் மதியத்துக்குள் சூப் ஆறிவிடுகிறது.

பதில்: பிளாஸ்க்கில் குற்றம் இருக்காது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும்: ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. 1,500 மீட்டரில் 95, 2,100 மீட்டரில் 93. எனவே தொடக்கமே குறைவு. போதாததற்கு, இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பிளாஸ்க்கில் நேராக ஊற்றினால் உள் சுவரும் கொஞ்சம் சூட்டை உறிஞ்சிவிடும். கொதிநீர் ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் விட்டுக் கொட்டுங்கள். அதற்குள் சூப் தளதளவென்று கொதிக்க வேண்டும். கழுத்து வரை நிரப்புங்கள். மேலே காற்று இடம் விட்டால் சீக்கிரம் ஆறும். வாய் அகன்ற பிளாஸ்க் சாப்பிட வசதி, ஆனால் மூடி வழியாக அதிகச் சூடு போகும். சூப்புக்கு அகலம், டீக்குக் குறுகல் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பில் பாஸ்தா போடாதீர்கள். நான்கு மணி நேரத்தில் நீரையெல்லாம் குடித்துக் களியாகிவிடும். சோறும் பால் டீயும் வேண்டாம்: வெதுவெதுப்பில் மணிக்கணக்காக நிற்கும் சோறும் பாலும் வயிற்றைக் கெடுக்கும். கொதிநீர் மட்டும் கொண்டுபோய், டீ பையையும் பால் பவுடரையும் அங்கே சேருங்கள். குழந்தைகளின் ஹாட் சாக்லெட்டும் இப்படியே. சாக்லெட் பவுடரும் பால் பவுடரும் கலந்து பொட்டலமாகக் கட்டிவிட்டால் ஒரு கோப்பை வீட்டுச் செலவில் முடியும்.

ஒரு எச்சரிக்கை. பிளாஸ்க்கை முதுகெலும்பை ஒட்டி நேராக வைக்காதீர்கள். மல்லாந்து விழுந்தால் அந்த ஸ்டீல் நேராக எலும்பில் இடிக்கும். பையின் வெளிப்பக்கம், மாற்று ஸ்வெட்டரில் சுற்றி வையுங்கள். சேர்லிஃப்டில் (கம்பிவடத்தில் தொங்கியபடி மேலே போகும் நாற்காலி) ஏறுமுன் பையைக் கழற்றி மடியில் பிடித்துக்கொள்ளுங்கள். பை வார் நாற்காலியில் மாட்டினால் இறங்கும் இடத்தில் ஆபத்து.

கேள்வி: தண்ணீர் பாட்டில் உறைந்துவிடுகிறது. பனியைத் தின்றால் போதாதா?

பதில்: போதாது. புதிதாகப் பெய்த பனி ஒரு லிட்டர் அளவு உருகினால் ஏறக்குறைய 100 மில்லி தண்ணீர்தான் கிடைக்கும். அதை உருக்குவதும் உங்கள் உடம்புச் சூடு. காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேற்பக்கமிருந்து உறைவதால் வாய்ப்பக்கம் திறந்திருக்கும். மூடி ஒழுகாததாக இருக்க வேண்டும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை என்றால், ஒவ்வொரு முறை குடித்ததும் குழாயிலுள்ள நீரைப் பைக்குள் ஊதித் தள்ளிவிடுங்கள். முதலில் உறைவது அந்தக் குழாய்தான். ஒருவருக்கு ஒரு லிட்டர் கொண்டுபோய், குடிநீர் என்று எழுதியுள்ள குழாயில் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அபார்ட்மென்டில் பருப்பு வேகவே இல்லை. கேஸும் பொறுமையும் தீர்ந்ததுதான் மிச்சம்.

பதில்: மேலே சொன்ன அதே 93 டிகிரிதான் காரணம். தீயைக் கூட்டினாலும் தண்ணீர் அதற்குமேல் சூடேறாது, வற்றத்தான் செய்யும். சின்ன பிரஷர் குக்கரை எடுத்துப் போனால் அங்கேயும் 110 டிகிரியைத் தாண்டும். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். குக்கர் இல்லையென்றால் கொண்டைக்கடலை, ராஜ்மாவை மறந்துவிடுங்கள். தோல் நீக்கிய மைசூர் பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, மூடி போட்டுச் சமைத்தால் வேகும். மெல்லிய பாஸ்தா, உடைத்த கோதுமை, முட்டை, டின்னில் வரும் வெந்த பயறு எல்லாம் கைகொடுக்கும்.

நான்கு பேருக்கு ஆறு சறுக்கு நாளுக்கு ஒரு கணக்கு. ஓட்ஸ் 1.2 கிலோ. பால் 6 லிட்டர். இரண்டு இரவுக்கு பாஸ்தா ஒரு கிலோ; குளிரில் அலைந்து வந்தவருக்கு 125 கிராம் அதிகமே இல்லை. இன்னும் இரண்டு இரவுக்கு அரிசி 650 கிராம், பருப்பு அரை கிலோ. மதியத்துக்கு ஆளுக்கு நான்கு ஸ்லைஸ் என்றால் 96 ஸ்லைஸ், அதாவது ஐந்து பாக்கெட் ரொட்டி. அத்தனையும் முதல் நாளே வாங்கினால் கடைசி பாக்கெட் பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை, தேவையானதை மட்டும் அங்கேயே வாங்குங்கள். மீதி இரண்டு இரவில் ஒன்றுக்கு முந்தைய நாள் சமைத்ததில் மிஞ்சியது, இன்னொன்றுக்கு ஊருக்குள் ஒரு நல்ல சாப்பாடு. அந்த ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். வந்த இடத்தின் சாப்பாட்டை ருசிக்காமல் திரும்புவது எனக்குச் சம்மதமில்லை.

கனமான பொருளை அடிவாரத்து ஊரின் பெரிய கடையிலேயே வாங்கிவிட்டு மலை ஏறுங்கள். விருந்தினர் மாறும் நாளின் மாலையில் மேலே உள்ள சின்னக் கடை அலமாரிகள் காலியாகிவிடும். மிஞ்சியதை என்ன விலையானாலும் எடுக்க வேண்டிவரும். உப்பு, மிளகு, சிறு பாட்டில் எண்ணெய், மசாலாப் பொடி, டீ, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஒரு வாரத்துக்காக முழு பாக்கெட் உப்பும் முழு பாட்டில் எண்ணெயும் வாங்கி விட்டுவிட்டு வருவது வீண். விமானமேறி வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் அனுமதிக்கப்படுமா என்று முன்பே பாருங்கள். பல நாடுகளில் தடை உண்டு, அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம். எண்ணெய் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பல விமான நிலையங்களில் கைப்பையில் போகாது, பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: ஃப்ரிட்ஜ் ரொம்பச் சின்னது. பால்கனியே ஃப்ரிட்ஜ்தானே?

பதில்: இரவில் அது ஃப்ரீசர், பகலில் வெயில் பட்டால் அடுப்பங்கரை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். முட்டை வெடிக்கும், பால் பாட்டில் பிதுங்கும், பீர் பாட்டில் உடையும். காய்கறியையும் வெண்ணெயையும் மூடியுள்ள பெட்டியில், துணி சுற்றி, நிழல் மூலையில் வைக்கலாம். திறந்து வைத்தால் காக்கை விடாது. இறைச்சியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள்.

கேள்வி: ஒரு வேளையாவது மலைமேல் சூடாகச் சாப்பிட ஆசை. எப்படி மிச்சம் பிடிப்பது?

பதில்: பதினொன்றேகாலுக்கோ இரண்டு மணிக்குப் பிறகோ போங்கள். வரிசையில் நிற்கும் முக்கால் மணி நேரத்துக்கும் லிஃப்ட் பாஸ் பணம் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா? உச்சியில் இருப்பதைவிட, சறுக்கிக்கொண்டே இறங்கிப் போகக்கூடிய, ரோடு வந்து சேரும் கிராமத்து உணவகம் மலிவாக இருக்கும். அன்றைய சாப்பாடு என்று பலகையில் எழுதியிருப்பதைக் கேளுங்கள். பெரிய கிண்ணம் சூப்பும் ரொட்டியும் வாங்கி, பையிலிருக்கும் இனிப்பை வெளியே வந்து சாப்பிட்டால் வயிறும் நிறையும். தண்ணீரை மட்டும் பாட்டிலில் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீர் என்று சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மாலையில் சறுக்கி முடித்ததும் நண்பர்களோடு குடிப்பதில்தான் பாதிப் பணம் போகிறது.

பதில்: முதலில் அரை லிட்டர் தண்ணீர் குடித்து, கையிலிருக்கும் மீதிக் கொட்டைகளைத் தின்றுவிட்டு உள்ளே போங்கள். பலர் முதல் இரண்டு கோப்பையைத் தாகத்துக்காகவே குடிக்கிறார்கள். ஒன்றோடு எழுந்து, மீதியை அறையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாட்டில் சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, கொதிக்க விடாமல் சூடாக்கினால் ஐந்து கோப்பை வரும். கொதித்தால் மணமும் போகும், கசக்கவும் செய்யும். மது ரத்தக் குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியே விடும். சூடாக இருப்பதுபோல் தோன்றுவது தோலில் மட்டும்தான். எனவே இன்னும் ஒரு சறுக்கு பாக்கி இருக்கும்போது குடிக்கவே குடிக்காதீர்கள்.

கேள்வி: செலவைக் குறைக்க மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டால் என்ன?

பதில்: செய்யாதீர்கள். மூன்று மணிக்குக் கால் களைத்து, திருப்பத்தில் சறுக்குப் பலகையின் விளிம்பு பனியைப் பிடிக்காமல் விழுவீர்கள். ஒரு முழங்கால் சிகிச்சைச் செலவில் பத்து வருஷ மதியச் சாப்பாடு அடங்கும். குழந்தைகள் இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வாயில் ஏதாவது போடுங்கள். பத்தரைக்கு லிஃப்ட் வரிசையில் நிற்கும்போதே இரண்டு பேரீச்சையைக் கையுறை கழற்றாமல் எடுக்கும்படி, மார்புப் பையில், கொட்டை நீக்கித் தயாராக வையுங்கள். அவர்களைப் பனிச்சறுக்குப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்றால், கட்டணத்தில் மதியச் சாப்பாடு அடங்குமா என்று கேட்ட பிறகே டப்பா கட்டுங்கள்.