தோற்பாவைக்கூத்து கற்க நிதி கிடைக்குமா?

கேள்வி: எங்கள் பகுதியில் தோற்பாவைக்கூத்து நடத்தும் முதியவர் ஒருவரிடம் இளைஞர்கள் இருவர் கற்க விரும்புகிறார்கள். இதற்கு அரசு உதவி உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. மத்திய அரசின் ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்கள் 'குரு சிஷ்ய பரம்பரை' என்னும் திட்டத்தை நடத்துகின்றன; தமிழ்நாட்டிற்குரியது தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம். அத்திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500 ரூபாய், பக்கவாத்தியக் கலைஞருக்கு 3,750 ரூபாய், மாணவர் ஒவ்வொருவருக்கும் 1,500 ரூபாய் என வகுக்கப்பட்டிருந்தது. பயிற்சிக் காலம் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. நடப்புத் தொகையை மையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகை மாணவரின் பேருந்துச் செலவுக்கே போதுமா என்பது ஐயம்தான். அதைவிடப் பெரிய குறை காலம். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வரைந்து, துளையிட்டு, வண்ணம் தீட்டும் கைவேலையை ஓராண்டில் ஓரளவு பழகிவிடலாம். ஆனால், திரைக்குப் பின்னால் அமர்ந்து, இராமனாகவும் இராவணனாகவும், இடையிடையே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைச்சுவைப் பாத்திரங்களாகவும் ஒருவரே குரல் மாற்றிப் பேசி, பாடி, பாவைகளையும் ஆட்டும் திறன், ஆசிரியரோடு ஊர் ஊராகச் சென்று இரவுதோறும் உடனிருந்தாலன்றி வாய்ப்பதில்லை.

பக்கவாத்தியக் கலைஞருக்கும் திட்டத்தில் இடமிருப்பதால், விண்ணப்பத்தில் கூத்துக்கு மிருதங்கம், ஆர்மோனியம் வாசிப்பவர்களைப் பற்றியும் குறிப்பிடுங்கள். பயிற்சி நாட்களை ஊர்த் திருவிழாக் காலத்தோடு பொருந்துமாறு அமைத்தால், மாணவர்கள் உண்மையான பார்வையாளர்கள் முன்னிலையிலேயே கற்பார்கள்.